ஒரே நாளில் மண் மாறாது

(கூட்டமைப்பின் ஆண்டு விழா மகாசபைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு "மண் வளமும் மகளிரும்". நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. வீட்டைப் பார்த்துக்கிட்டு, எங்க காட்டு வேலையையும் பார்த்துக்கிட்டு இருக்கறவ. மண்ணைப் பத்தி வேளாண்மை ஆபீசருங்க பேசற மாதிரி எனக்குப் பேச வராது. அதனால ஒரு நாட்டோட கதையைச் சொல்லி, அதுல இருந்து நமக்கு என்ன கிடைக்குதுன்னு பேசலாம்னு வந்திருக்கேன். அந்த நாடு இலங்கை.

ஏன் இலங்கைன்னு கேப்பீங்க. போன கூட்டத்துல நம்ம கூட்டமைப்புல ஒரு தீர்மானம் பேச்சுக்கு வந்துச்சு. வர்ற ஆடிப் பட்டத்துல இருந்து, விவசாயக் கடன் வாங்கற உறுப்பினர் எல்லாரும் ரசாயன உரத்தை அடியோட விட்டுடணும், இல்லைன்னா கடன் கிடையாதுன்னு ஒரு பக்கம் சொன்னாங்க. இன்னொரு பக்கம் நாலஞ்சு பேர் எழுந்து, "இயற்கை விவசாயம்னு போனா இலங்கை மாதிரி சோத்துக்கு வரிசையில நிக்கணும், பேசாம இருங்க"ன்னு சொன்னாங்க. ரெண்டு பேச்சும் காரசாரமாப் போச்சு. முடிவு எடுக்காம இன்னிக்கு மகாசபைக்குத் தள்ளி வெச்சோம்.

சரி, இலங்கையில அப்படி என்னதான் நடந்துச்சுன்னு நான் பேப்பர்ல பார்த்தேன், செல்போன்ல அந்த ஊர் மக்கள் பேசினதைக் கேட்டேன், அந்த ஊர்ல பிறந்தவங்க கிட்டயும் கேட்டேன். கேட்டதுல எனக்கு விளங்கினது, ரெண்டு பக்கமும் பாதி பாதி சரின்னு. அதை வரிசையாச் சொல்றேன்.

இலங்கை ஒரு தீவு. நாலு பக்கமும் கடல். பரப்பளவுல நம்ம தமிழ்நாட்டுல சரிபாதி இருக்கும், 65,610 சதுர கிலோமீட்டர். மக்கள் தொகை 2 கோடிக்கு மேல. நம்மள மாதிரியே வெயில் நாடு. தென்மேற்குப் பகுதியில 2,500 மில்லிமீட்டருக்கு மேல மழை பெய்யும். வடக்கும் கிழக்கும் வறண்ட பகுதி. அங்க ஏரியும் குளமும் வெட்டித்தான் ஆயிரக்கணக்கான வருசமா நெல்லு விளைவிச்சிருக்காங்க. ஒரு குளம் நிறைஞ்சு வழிஞ்சா அடுத்த குளத்துக்குப் போற மாதிரி சங்கிலியா அமைச்சிருக்காங்க. வறண்ட பகுதி மண் பெரும்பாலும் செம்பழுப்பு மண். நம்ம கடத்தூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் செம்மண் காட்டைப் பார்த்தவங்களுக்கு அது அந்நியமாத் தெரியாது.

வெயில் நாட்டு மண்ணுக்கு ஒரு குணம் இருக்குங்க. குளிர் நாட்டுல இலை தழை விழுந்தா மெதுவா மக்கி வருசக்கணக்குல மண்ணுல தங்கும். இங்க வெயிலுக்கு சீக்கிரம் மக்கி சீக்கிரம் காணாமப் போயிடும். மிச்சம் இருக்கற சத்தை அடிமழை அரிச்சுக்கிட்டுப் போயிடும். மண் பரிசோதனை அட்டையில "அங்ககக் கரிமம்"னு ஒரு வரி இருக்கும். அது 0.5 சதவீதத்துக்குக் கீழ இருந்தா குறைவுன்னு போடுவாங்க. நம்ம செம்மண் காடு பலதுக்கும் அப்படித்தான் வருது. அதனாலதான் நம்ம பாட்டன் பூட்டன் வருசா வருசம் குப்பை அடிச்சாங்க. ஒரு வருசம் அடிச்சிட்டு பத்து வருசம் சும்மா இருக்க முடியாது. வெயில் நாட்டு மண்ணு தினமும் சோறு கேக்கற குழந்தை மாதிரி.

இலங்கை மலைநாட்டுக் கதை நமக்கு ரத்த சொந்தம். வெள்ளைக்காரன் காலத்துல அங்க மலைக்காட்டை வெட்டி காப்பி போட்டான். 1869ல காப்பி இலையில துரு நோய் வந்து, கொஞ்ச வருசத்துல காப்பி மொத்தமும் போச்சு. அப்பறம் தேயிலை போட்டான். அந்தத் தோட்டத்து வேலைக்கு கங்காணி மூலமா கூட்டிக்கிட்டுப் போனது தமிழ்நாட்டு ஏழை சனங்களை. திருச்சி, சேலம், மதுரை ஜில்லாக்கள்ல இருந்து போனாங்க. அப்போ நம்ம தருமபுரியும் சேலம் ஜில்லாவுக்குள்ளதான் இருந்துச்சு. 1965 அக்டோபர் 2ஆம் தேதிதான் தனி மாவட்டம் ஆச்சு. மரத்தை வெட்டின மலைச் சரிவுல மழை பெய்யப் பெய்ய மேல் மண் இறங்கிப் போச்சு. மண் அரிப்பைத் தடுக்கவே 1951ல அங்க தனிச் சட்டம் போட்டாங்க. மேல் மண் போன சரிவுல கொழுந்து வரணும்னா உரம் போட்டாத்தான் வரும்னு ஆகிப்போச்சு.

வடக்கே யாழ்ப்பாணம் வேற மாதிரி. நம்ம மாவட்டத்துல அணைக்கட்டுப் பக்கம் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கு, உங்களுக்கே தெரியும். அங்க இருந்து கூலி வேலைக்கு வர்ற ஒரு அக்கா எனக்குப் பழக்கம். அவங்க குடும்பம் யாழ்ப்பாணத்துல வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் போட்டவங்க. உரத்தை அவங்க "பசளை"ன்னுதான் சொல்வாங்க. "எங்கட அப்பா காலத்துல பனையோலையையும் பூவரசம் இலையையும் வெட்டித் தோட்டத்துல தாழ்ப்பம், பிறகுதான் பசளை மூட்டை வந்தது"ன்னு சொன்னாங்க. யாழ்ப்பாணத்துல மேல செம்மண், கீழ சுண்ணாம்புக் கல்லு. ஆறு கிடையாது, எல்லாமே கிணறுதான். சுண்ணாம்புக் கல்லுல ஓட்டை ஓட்டையா இருக்கறதால மேல போட்ட யூரியாவோட சத்து தண்ணியோட இறங்கி நேரா கிணத்துக்குப் போயிடுது. தோட்டப் பகுதிக் கிணறுகள்ல நைட்ரேட் அளவுக்கு மேல இருக்குன்னு பல வருசமாவே சோதனை பண்ணிச் சொல்லியிருக்காங்க. ஒரு லிட்டர் குடிதண்ணியில 50 மில்லிகிராமுக்கு மேல நைட்ரேட் இருக்கக் கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நம்ம நாட்டு அளவு 45. அதுக்கு மேல போனா, கிணத்துத் தண்ணியில பால் பவுடர் கலக்கிக் குடிக்கற கைக்குழந்தைக்கு ரத்தத்துல பிராணவாயு குறைஞ்சு உடம்பு நீலம் பாரிச்சுப் போகலாம். அந்த அக்கா சொன்ன ஒரு வார்த்தை: "வயலுக்குப் போட்டது, வாளியில திரும்பி வந்தது."

அனுராதபுரம், பொலன்னறுவை பக்கம் இன்னொரு துயரம். 1990களில் இருந்து நெல்லு விவசாயிகளுக்கு சிறுநீரக நோய் கூட்டம் கூட்டமா வந்துச்சு. சர்க்கரையும் இல்லை, ரத்தக் கொதிப்பும் இல்லை, ஆனா சிறுநீரகம் போகுது. பூச்சி மருந்தா, உரமா, கடின நீரா, தண்ணியில இருக்கற ஃபுளோரைடா, வெயில்ல தண்ணி குடிக்காம வேலை செய்யறதான்னு ஆராய்ச்சி நடந்துக்கிட்டே இருக்கு. இதுதான் காரணம்னு ஒண்ணை மட்டும் இன்னும் கை காட்ட முடியலை. ஆனா சனங்க மனசுல ரசாயனத்து மேல பயம் விழுந்துடுச்சு. ஃபுளோரைடுன்னா என்னன்னு நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். நம்ம மாவட்டத்துல பல்லுல காவி ஏறின பிள்ளைங்களை நாம பார்த்திருக்கோம். 2013ல ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தப்பறம்தான் நிறைய ஊருக்கு நல்ல தண்ணி வந்துச்சு. அதனால தண்ணிக்குள்ள என்ன இருக்குன்னு கண்ணால பார்த்துச் சொல்ல முடியாதுன்னு நமக்கு நல்லாத் தெரியும்.

ஆக, அங்க ரசாயன உரத்தால ஒரு பிரச்சனையும் இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது. 2005ல இருந்து 50 கிலோ உர மூட்டையை 350 ரூபாய்க்கு அரசாங்கம் கொடுத்துச்சு. மலிவாக் கிடைக்கவும் அளவில்லாமக் கொட்டினாங்க. குறைக்கணும்னு நினைச்சது தப்பில்லை. 2019 தேர்தல் அறிக்கையிலயும் பத்து வருசத்துல படிப்படியா இயற்கை உரத்துக்கு மாறுவோம்னுதான் கோட்டாபய ராஜபக்ச சொன்னார்.

பத்து வருசம்னு சொன்னது ஒரே நாள் ஆச்சு. கொரோனாவால சுற்றுலா நின்னு போச்சு, கையில டாலர் இல்லை, வெளிநாட்டுக் கடன் கழுத்தை நெரிக்குது. உரம் வாங்கற டாலரும் மிச்சமாகும்னு நினைச்சாங்க. 2021 ஏப்ரல் கடைசியில முடிவு எடுத்து, மே 6ஆம் தேதி அரசிதழ்ல போட்டு, ரசாயன உரமும் பூச்சி மருந்தும் நாட்டுக்குள்ள வரக் கூடாதுன்னு தடை போட்டாங்க.

அந்த நாட்டுல வருசத்துக்கு ரெண்டு நெல்லு போகம். ஏப்ரல், மே மாசத்துல போடறது சிறுபோகம். செப்டம்பர், அக்டோபர்ல போடறது பெரும்போகம். பெரும்போகத்துக்கு நிலத்தை உழுதுட்டு விவசாயி உரம் கேட்டா, உரம் இல்லை. இயற்கை உரம் தர்றோம்னு சொன்னாங்க. நாடு முழுக்கப் போடற அளவுக்கு எங்க இருக்கு? சீனாவுல இருந்து கப்பல்ல வரவழைச்ச இயற்கை உரத்தைச் சோதனை பண்ணினா, அதுல பயிருக்குக் கெடுதல் பண்ற கிருமி இருக்குன்னு வந்துச்சு. திருப்பி அனுப்பிட்டாங்க. அதுலயும் வழக்கு, பேச்சுவார்த்தைன்னு போய், கடைசியில வாங்காத உரத்துக்கு 67 லட்சம் டாலர் கட்டினாங்க. அந்த அக்டோபர்ல நம்ம நாட்டுல இருந்து விமானத்துல நானோ யூரியா போச்சு. விவசாயிங்க ரோட்டுக்கு வந்தாங்க. முதல்ல தேயிலைக்குத் தளர்த்தினாங்க. நவம்பர் கடைசியில தடையையே எடுத்தாங்க.

ஆனா பயிர் யாருக்காகவும் காத்துக்கிட்டு நிக்காதுங்க. நெல்லுக்கு தூர் கட்டற நேரத்துல சத்து கிடைக்கலைன்னா, அப்பறம் தங்கத்தைக் கரைச்சு ஊத்தினாலும் தூர் வராது. தடையை எடுத்தப்போ உலகச் சந்தையில உர விலை பல மடங்கு ஏறிக் கிடந்துச்சு, வாங்க டாலரும் இல்லை. 2022 மார்ச் வாக்குல அறுத்த பெரும்போகத்துல, அதுக்கு முந்தின பெரும்போகத்தை விட மூணுல ஒரு பங்குக்கும் மேல நெல்லு குறைஞ்சு போச்சு. பல வருசமா தன் அரிசியைத் தானே விளைவிச்ச நாடு, பர்மாவுல இருந்தும் நம்மகிட்ட இருந்தும் அரிசி வாங்கற நிலைமைக்கு வந்துச்சு. நெல்லு விவசாயிங்களுக்கு மட்டும் 4,000 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு கொடுக்கறோம்னு 2022 ஜனவரியில அறிவிச்சாங்க. தேயிலை 2021ல 30 கோடி கிலோ அளவுக்கு இருந்தது, 2022ல 25 கோடி கிலோவுக்கு இறங்கிச்சு.

இந்த நம்பர் எல்லாம் கேக்கறப்போ பெருசாத் தெரியும், மனசுல ஒட்டாது. பொம்பளைங்க பக்கம் இருந்து பாருங்க. மலைநாட்டுல கொழுந்து பறிக்கறது பெரும்பாலும் நம்ம இனத்துப் பொம்பளைங்க. 2021 மார்ச்லதான் போராடிப் போராடி ஒரு நாள் கூலி 1,000 ரூபாய்னு ஆச்சு. ஆனா தோட்டம் சொல்ற கிலோ எடுத்தாத்தான் முழுப்பேர். கிலோ குறைஞ்சா அரைப்பேர், அதாவது அரை நாள் கூலி. செடிக்கு உரம் இல்லை, கொழுந்து வரலை, கிலோ நிரம்பலை. தடை போட்டது கொழும்புல, அரைப்பேர் விழுந்தது கூடை சுமந்தவ கணக்குல. அதே நேரத்துல அரிசி விலை ஏறுது, பால் பவுடர் கிடைக்கலை, கேஸுக்கு வரிசை. 2022 மே 18ஆம் தேதி சென்னைத் துறைமுகத்துல இருந்து நம்ம தமிழ்நாட்டு அரசு அரிசி, பால் பவுடர், மருந்து ஏத்தி முதல் கப்பல் அனுப்பினது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மொத்தம் 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர்னு அறிவிச்சாங்க.

நியாயமாச் சொல்லணும். இலங்கை விழுந்தது உரத் தடை ஒண்ணால மட்டும் இல்லை. கடன், வரிக் குறைப்பு, கொரோனா எல்லாம் சேர்ந்துதான் விழுந்துச்சு. ஆனா வயித்துல அடிச்சதுல இந்தத் தடைக்கும் பங்கு உண்டு.

இப்போ எல்லாரும் கேக்கற கேள்விக்கு வர்றேன். இயற்கை உரம் நல்லதுன்னா, ஏன் அங்க விளைச்சல் விழுந்துச்சு? இதுக்கு நான் ஒரு கணக்கு போட்டேன். நம்ம குழு நோட்டு எழுதற கணக்கு மாதிரிதான்.

நம்ம கடையில விக்கற யூரியா மூட்டை 45 கிலோ, விலை 266 ரூபாய் 50 காசு. அதுல தழைச்சத்து நூத்துக்கு 46. அப்போ ஒரு மூட்டையில ஏறக்குறைய 20 கிலோ 700 கிராம் தழைச்சத்து. நல்லா மக்கின தொழு உரத்துல தழைச்சத்து நூத்துக்கு அரைக் கிலோதான். அப்போ ஒரு மூட்டை யூரியாவுல இருக்கற தழைச்சத்து தொழு உரத்துல வேணும்னா 4 டன்னுக்கு மேல குப்பை அடிக்கணும். ஒரு நாட்டு மாடு ஒரு நாளைக்கு சுமாரா 10 கிலோ சாணி போடும். வருசத்துக்கு மூவாயிரத்து அறுநூறு கிலோ. காய்ஞ்சு மக்கினா அதுல பாதி கூட தேறாது. ஆக ஒரே ஒரு மூட்டை யூரியாவுக்கு ரெண்டு மூணு மாட்டோட ஒரு வருசச் சாணி வேணும். அதுவும் முதல் போகத்துலயே முழுச் சத்தையும் கொடுக்காது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் விடும்.

இதைக் கேட்டுட்டு, "அப்போ யூரியாவே மேல்"னு கை தட்டிடாதீங்க. கணக்கோட அடுத்த பக்கமும் இருக்கு. யூரியா கொடுக்கறது தழைச்சத்து ஒண்ணு மட்டும்தான். குப்பை கொடுக்கறது மணிச்சத்து, சாம்பல் சத்து, நுண் சத்து எல்லாம். அதை விட, மண்ணைப் பொலபொலன்னு வெச்சு தண்ணியைப் பிடிச்சு வைக்கும். மண்புழுவுக்குத் தீனி அதுதான். மானாவாரிக் காட்டுல ரெண்டு மழை தவறினாலும் குப்பை அடிச்ச காடு நாலு நாள் கூட வாடாம நிக்கும். யூரியா மட்டும் போட்ட பயிர் கருகருன்னு பச்சையா வரும், பூச்சி முதல்ல அதுலதான் வந்து உக்காரும். அப்பறம் மருந்துக் கடைக்கு ஓடணும்.

அதனால நான் புரிஞ்சுக்கிட்டது இதுதான். இலங்கையில தோத்தது இயற்கை விவசாயம் இல்லை, அவசரம். குப்பை சேர்க்கறதுக்கு முன்னாடி மூட்டையை நிறுத்தினாங்க. மாடு, பசுந்தாள், எருக்குழி, கத்துக் கொடுக்க ஆளு, மண்ணு தேற ரெண்டு மூணு வருசம், இது எதுவும் கையில இல்லாம உத்தரவை மட்டும் போட்டாங்க. எல்லாத்துக்கும் மேல, மண்வெட்டி பிடிக்கறவங்களைக் கூப்பிட்டு உக்கார வெச்சு ஒரு வார்த்தை கேக்கலை.

நம்ம நாட்டுலயே சிக்கிம் இருக்கு. சின்ன மலை மாநிலம். 2003ல முடிவு எடுத்து, வருசா வருசம் ரசாயன உரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு, 2016 ஜனவரியிலதான் முழு இயற்கை வேளாண்மை மாநிலம்னு அறிவிச்சாங்க. பன்னெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு. அதுவும் முன்னாடியே உரம் ரொம்பக் குறைவாப் போட்ட ஊரு. அங்கயும் விளைச்சல், விலைன்னு பிரச்சனை இல்லாம இல்லை. ஆனா நாடு பட்டினி கிடக்கலை.

வெளியூர் உதாரணம் எதுக்கு? நம்ம உதாரணமே இருக்கு. தமிழ்நாட்டுல மகளிர் சுய உதவிக் குழு எங்க ஆரம்பிச்சது? 1989ல நம்ம தருமபுரி மாவட்டத்துலதான். பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தோட உதவியில இங்க முதல்ல போட்டுப் பார்த்தாங்க. அப்பறம் சேலம், தென்னாற்காடு, அப்பறம் மதுரை, ராமநாதபுரம். அதுக்கப்பறம் 1997-98ல மகளிர் திட்டம்னு மாநிலம் முழுக்கப் போச்சு. முதல் நாளே எல்லா ஊர்லயும் ஆரம்பிச்சிருந்தா இது நின்னிருக்குமா? மாசம் பத்து ரூபா, இருபது ரூபா சேமிப்புல ஆரம்பிச்சு, உள்கடன் கொடுத்து, திரும்பக் கட்டி, நம்பிக்கை வந்தப்பறம்தானே பேங்குக்காரங்க நம்மளை உக்காரச் சொல்லி நாற்காலி போட்டாங்க. மண்ணும் அதே மாதிரிதாங்க. முதல்ல சேமிப்பு, அப்பறம்தான் எடுக்கறது.

இன்னிக்கு முடிவு எடுக்கப் போறோம். "மாறினாத்தான் கடன்"ங்கற தீர்மானத்தை இப்படியே நிறைவேத்த வேண்டாம்னு தலைவி அக்காவை மரியாதையோட கேட்டுக்கறேன். அது நம்ம கூட்டமைப்பு போடற இலங்கைத் தடை மாதிரி ஆகிடும். ஒரு போகம் விழுந்தா கடனைக் கட்ட முடியாது. கட்டலைன்னா குழு உடையும். அரை ஏக்கர் வெச்சிருக்கற தங்கச்சிதான் முதல்ல விழுவா, அஞ்சு ஏக்கர்காரங்க இல்லை. அதே நேரத்துல, இலங்கையைக் காட்டி "ஒண்ணும் மாற வேண்டாம்"னு சொல்றதையும் ஏத்துக்க வேண்டாம். அந்த வழியில போனா கிணத்துத் தண்ணியும் போகும், மண்ணும் போகும், மூட்டைச் செலவு மட்டும் ஏறும். ரெண்டுக்கும் நடுவுல நாலு வேலை சொல்றேன்.

முதல் வேலை, மண் பரிசோதனை. நிலம் இருக்கற உறுப்பினர் எல்லாரும் இந்த வருசம் மண் எடுத்துக் கொடுக்கணும். வரப்பு ஓரம், குப்பை கொட்டின இடம், மர நிழல் இதெல்லாம் விட்டுடணும். காட்டுல குறுக்கும் நெடுக்குமா நடந்து பத்துப் பதினஞ்சு இடத்துல, மேல இருக்கற செத்தையை ஒதுக்கிட்டு, மண்வெட்டியால அரை அடி ஆழத்துக்கு 'வி' மாதிரி வெட்டி, ரெண்டு ஓரத்துலயும் சீவி எடுக்கணும். எல்லாத்தையும் கலந்து, நாலாப் பிரிச்சு எதிரெதிர்ப் பங்கைத் தள்ளித் தள்ளி, கடைசியில அரைக் கிலோ எடுத்து, நிழல்ல உலர்த்தித் துணிப் பையில போட்டு, பேரு, சர்வே நம்பர், போன பயிர், போடப் போற பயிர் எழுதி வைக்கணும். குழுக் குழுவாச் சேர்த்து தருமபுரி ஆய்வகத்துக்கு ஒரே வண்டியில அனுப்பிடலாம். சந்தேகம் கேக்க பாப்பாரப்பட்டியில வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு. அட்டை வந்தா, எந்தச் சத்து வேணும், எது வேண்டாம்னு தெரியும். வேண்டாத மூட்டையை வாங்காம இருந்தாலே முதல் வருசமே பணம் மிச்சம்.

ரெண்டாவது வேலை, எருக்குழி. சாணியைத் தெரு ஓரத்துல குவிச்சு வெயில்லயும் மழையிலயும் விட்டா தழைச்சத்து பாதிக்கு மேல ஆவியாவும் தண்ணியோடவும் போயிடும். மூணு அடி ஆழத்துல குழி எடுத்து, நிழல் பார்த்து, சாணியும் செத்தையும் மாட்டு மூத்திரம் ஊறின மண்ணும் அடுக்கி, மேல மண்ணால மூடி வைக்கணும். நிலம் இல்லாத அக்காங்க "எனக்கு இதுல என்ன"ன்னு நினைக்காதீங்க. மாடு உங்ககிட்ட இருக்கு. மக்கின எருவுக்கும் மண்புழு உரத்துக்கும் விலை இருக்கு. வாங்கறதுக்கு நம்ம கூட்டமைப்புலயே ஆள் இருக்கு. எருக்குழிக் கடனுக்கும் கறவை மாட்டுக் கடனுக்கும் நூத்துக்கு ஒரு ரூபா வட்டியை ஐம்பது பைசாவாக் குறைக்கணும்னு கேட்டுக்கறேன். மாறாதவங்களுக்குக் கடனை நிறுத்தறதை விட, மாறறவங்களுக்கு வட்டியைக் குறைக்கறது மேல்.

மூணாவது வேலை, பத்து சென்ட். ஒவ்வொருத்தரும் காட்டுல பத்து சென்ட் மட்டும் ஒதுக்கி ரெண்டு வருசம் மூட்டை உரம் இல்லாமப் போட்டுப் பாருங்க. தண்ணி இருக்கறவங்க தக்கைப்பூண்டு விதைச்சு 45 நாள்ல பூ எடுக்கறப்போ மடக்கி உழுங்க. மானாவாரிக்கு சணப்பு, கொளுஞ்சி, கொள்ளு. ராகிக்குள்ள சாலுக்குச் சால் துவரை, அவரை, தட்டைப்பயறு போடறது நம்ம அம்மாங்க செஞ்சதுதான். அந்த வேர்ல இருக்கற முடிச்சு காத்துல இருக்கற தழைச்சத்தைப் பிடிச்சு மண்ணுக்குக் கொடுக்கும், மூட்டை வாங்காமலே. மீதிக் காட்டுல அட்டை சொன்ன அளவு உரத்தைப் போட்டு, வருசா வருசம் எருவைக் கூட்டி மூட்டையைக் குறைச்சுக்கிட்டே வாங்க.

நாலாவது வேலை, நோட்டு. பத்து சென்ட்டுக்கும் மீதிக் காட்டுக்கும் தனித்தனியா எழுதணும். விதை எவ்வளவு, எரு எத்தனை கூடை, கூலி எவ்வளவு, நம்ம வீட்டு ஆள் வேலை எத்தனை நாள், விளைஞ்சது எத்தனை கிலோ, வித்தது எவ்வளவு. "வீட்டு ஆள் வேலை"ன்னு எழுத மறந்துடாதீங்க. எரு சுமக்கறது, களை எடுக்கறது எல்லாம் நம்ம தலையிலதான் விழும். இயற்கை விவசாயம்னு சொல்லி பொம்பளைங்களுக்கு இன்னும் ரெண்டு மணி நேர வேலையைக் கூலி இல்லாமக் கூட்டினா அது லாபம் ஆகாது. ரெண்டு வருசம் கழிச்சு நூறு நோட்டு நம்ம கையில இருந்தா, எந்தப் பயிர்ல மாறலாம், எதுல இன்னும் பொறுக்கலாம்னு நாமே சொல்லலாம். அப்போ யார் வந்து மேடையில பேசினாலும், "இருங்க, எங்க நோட்டைப் பார்த்துட்டுச் சொல்றோம்"னு சொல்லலாம்.

ஒண்ணு சொல்லி முடிச்சுக்கறேன். இலங்கையில விவசாயிங்களைக் கேக்காம முடிவு எடுத்தாங்கன்னு நாம பேசறோம். நம்ம வீட்டுல உர மூட்டை வாங்கறப்போ நம்மளை யாரு கேக்கறாங்க? மூட்டை வண்டியில வந்து இறங்கினப்பறம்தான் என்ன வாங்கினாங்கன்னே நமக்குத் தெரியுது. கடன் மட்டும் நம்ம பேர்ல, நம்ம குழுவுல. இனிமே மண் அட்டையை வீட்டு அலமாரியில ரேஷன் கார்டு பக்கத்துல வைங்க. மூட்டை வாங்கப் போறதுக்கு முன்னாடி அட்டையை எடுத்து நீட்டுங்க. வாரா வாரம் குழு நோட்டுல வரவு செலவு பார்க்கத் தெரிஞ்ச நமக்கு, மண்ணோட வரவு செலவும் பார்க்கத் தெரியும்.

நான் சொன்ன நாலு வேலையையும் தீர்மானமா எழுதிப் படிச்சு, சரின்னு படறவங்க கை தூக்கணும், சரியில்லைன்னு படறவங்க எழுந்து காரணம் சொல்லணும்னு கேட்டுக்கறேன்.

— குழு உறுப்பினர், கடத்தூர்